ஜூனியருக்குப் பிறகு: நேராக டூரா, அமெரிக்கக் கல்லூரியா?

பெரம்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்துக்குத் தினமும் பஸ் பிடித்துப் போகும் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினேழு வயது. ஜூனியர் போட்டிகள் முடிந்ததும் நேராகத் தொழில்முறை டூருக்குப் போவதா, அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்து ஆடுவதா? அவன் அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது.

இந்திய வீரர் யூகி பாம்ப்ரி 2009-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்று நேராகத் தொழில்முறைக்குப் போனார். திறமையில் குறையே இல்லை. ஆனால் காயங்கள் விடவில்லை. ஒற்றையர் உலகத் தரவரிசையில் அவரது உச்சம் 83-வது இடம், அதுவும் 2018-ல்தான். டூரின் மிகச் சிறிய போட்டிகளில் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து மொத்தப் பரிசே 15,000 டாலர். விமானம், அறை, கோச், பிசியோ எல்லாம் கைக்காசு. முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் நஷ்டம்தான்.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம் போனார். 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி) ஒற்றையர் சாம்பியன். அப்புறம் 2009 சென்னை ஓபனில் வைல்ட் கார்டில் (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் நேரடி இடம்) நுழைந்து இறுதிவரை வந்தார். 2011-ல் உலகத் தரவரிசையில் 62-வது இடம். கல்லூரியில் ஸ்காலர்ஷிப், கோச், ஜிம் எல்லாம் கிடைக்கும். உடம்பு முதிர நான்கு வருடம் கிடைக்கும்.

பதினெட்டிலேயே பெரியவர்களை வெல்பவனுக்குக் கல்லூரி தாமதம்தான், சரி. ஆனால் வீட்டை அடகு வைத்து டூருக்கு அனுப்ப நினைக்கும் வடசென்னைக் குடும்பத்துக்கு நான் கல்லூரியைத்தான் சொல்வேன். அவன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். இப்போது அவன் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறான்.