32 நொடியில் கட்டாகும் போன்: கோவையிலிருந்து திருப்பூர் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடம்

"பழைய இபிஏபிஎக்ஸ் போயிருச்சுங்க. ஐபி போட்டா ஊட்ல இருந்தே பாத்துக்கலாம்ங்கறாங்களே, நெசமுங்களா?" என்று பல்லடத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். (இபிஏபிஎக்ஸ் என்பது ஆபீஸுக்குள் இருக்கிற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. ஐபி என்பது அதையே இணையக் கம்பியில் ஓட்டுவது.) கேள்வி வந்த அதே வாரத்தில்தான் திருப்பூர் ஆபீஸில் இணைய நிறுவனத்து ஆள் வந்து ஓஎன்டி பெட்டியை (ஃபைபர் கம்பி வந்து முடிகிற மோடம்) மாற்றிவிட்டுப் போனார். அதனால் பதிலில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும்.

அடிப்படை விவரங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். திருப்பூரில் ஒரு மினி கணினியில் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள், 24 எக்ஸ்டென்ஷன், போனுக்குக் கரண்டையும் அதே கம்பியில் தருகிற பிஓஇ சுவிட்ச், இணையம் வழியாக ஒரே நேரத்தில் பத்து கால் போய்வரப் பத்து சேனல் எஸ்ஐபி ட்ரங்க். (எஸ்ஐபி என்றதும் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பிடிக்கிற பணமா என்று கேட்காதீர்கள். அக்கவுன்ட்ஸில் ஏற்கெனவே கேட்டாயிற்று.) பழைய 0421 செம்புக் கம்பி இணைப்பு ஒன்று எஃப்எக்ஸ்ஓ கேட்வே (பழைய லைனை ஐபிக்கு மாற்றுகிற பெட்டி) வழியாக உள்ளே வருகிறது. பெருந்துறை சிப்காட் யூனிட்டில் தனிப் பெட்டி கிடையாது. அங்குள்ள பத்து போன்களும் டன்னல் (இணையத்துக்குள் நமக்கென்று போட்ட தனிப் பாதை) வழியாகத் திருப்பூர்ப் பெட்டியில் ரிஜிஸ்டர் ஆகின்றன. இரண்டு இடத்திலும் மைக்ரோடிக் ரவுட்டர், மும்பையில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், நடுவே அந்த டன்னலைப் போடுகிற வயர்கார்டு மென்பொருள்.

மும்பை சர்வர் எதற்கு என்று கேட்பார்கள். நம் ஊர் பிராட்பேண்டில் நிறைய இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது, அதாவது ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுத் தருகிறார்கள். ரவுட்டரின் வான் (வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவதொன்றில் தொடங்கினால், நீங்கள் எத்தனை போர்ட் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அதனால் இரண்டு ஆபீஸும் வெளியே போய் மும்பையைத் தொடுகின்றன, கோவையிலிருந்து நாமும் அங்கே போய்ச் சேர்கிறோம். டன்னல் தூங்காமல் தட்டிக்கொண்டே இருக்கிற கீப்அலைவை 25 நொடி வைக்க மறக்க வேண்டாம். வயர்கார்டு ஓடுகிற யூடிபி இணைப்பு அரை நிமிடம் சும்மா இருந்தாலே மறந்துவிடுகிற ரவுட்டர்கள் நிறைய உண்டு. திருப்பூரில் ட்ரங்க்குக்காக ஸ்டேட்டிக் ஐபி (மாறாத முகவரி) வாங்கியிருக்கிறோம். ஆனாலும் தூரத்திலிருந்து நிர்வகிக்க அதை நம்புவதில்லை. ஏன் என்பதுதான் இனி வரப்போகிற புலம்பல்.

ஓஎன்டியை வெறுமனே கடத்திவிடுகிற பிரிட்ஜ் மோடில் போட்டு, இணைய நிறுவனத்துக்கான பிபிபிஓஇ லாகின் மைக்ரோடிக்கில் நடக்க வேண்டும். அப்படித்தான் இருந்தது. மழை இடியில் ஓஎன்டி போனாலோ, திட்டத்தை மாற்றினாலோ, சும்மா 'சிக்னல் லோ' என்று புகார் கொடுத்தாலோ கூட, வருகிறவர் புதுப் பெட்டியை ரவுட்டர் மோடில் போட்டுவிட்டுப் போகிறார். புதுப் பெட்டியில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். போன் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே எழுதியிருக்கிற முகவரியையும் போர்ட்டையும் 'உதவி'யாகத் திருத்துகிற வேலை அதற்கு. கேட்காத உதவி.

இதில் எரிச்சல் என்னவென்றால், கோவையிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டன்னல் வெளியே போகிற இணைப்பு என்பதால் தானாக எழுந்துவிடும். ட்ரங்க் ரிஜிஸ்டர் ஆகியிருக்கும். எல்லாம் பச்சை. வெளியே போடுகிற கால் ஒரு மணி நேரம் பேசினாலும் அறுபடாது. உள்ளே வருகிற கால் மட்டும் சரியாக 32 நொடியில் கட்.

போனை எடுத்ததும் நம் பெட்டி 'எடுத்தாயிற்று' என்று ஒரு தகவல் அனுப்பும். எதிர்முனை ஏசிகே அனுப்பி அதை ஏற்க வேண்டும். அந்த ஏசிகே எங்கே வர வேண்டும் என்பது நாம் அனுப்பிய தகவலிலேயே கான்டாக்ட் என்ற வரியில் இருக்கிறது. ஏஎல்ஜி கை வைப்பது அந்த வரியில். ஏசிகே வேறெங்கோ போய்விழும். நம் பெட்டி அரை நொடி, ஒரு நொடி, இரண்டு, நான்கு, பிறகு நான்கு நான்கு நொடியாக அதே தகவலைத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். எஸ்ஐபிக்கான விதிமுறை ஆவணமாக 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 இதற்கு வைத்த கெடு அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி. கெடு முடிந்ததும் நம் பெட்டியே காலைத் துண்டித்துவிடும். அதுவரை குரல் வேறு பாதையில் தெளிவாகப் போய்வந்துகொண்டிருக்கும். அதனால் பேசுகிற யாருக்கும் லைன் கோளாறு என்று தோன்றாது, எதிரில் இருப்பவர் வைத்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

"லோடு ஏத்தியாச்சுங்களா?" "ஏத்தியாச்சுங்க" என்கிற கால்கள் இருபது நொடியில் முடிந்துவிடும், அவை தப்பிக்கும். துணியின் ஜிஎஸ்எம் (எடை) என்ன, ஷிப்மென்ட் தேதி என்ன என்று விசாரிக்கிற பையிங் ஆபீஸ் கால்தான் மாட்டும். புகார் வரவே இரண்டு நாள் ஆகிறது. புகாரைக் கொண்டுபோனால் இணைய நிறுவனத்தில் நடக்கிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்:

"நெட் வருதுங்ளா?"

"வருதுங்க."

"போன் போட்டா போகுதுங்ளா?"

"போகுதுங்க."

"அப்பறம் என்னங்க!"

நண்பருக்கும் இதே கதி வரும் என்பதால் வழியையும் சொல்லிவிடுகிறேன். முதலில் உறுதி செய்யுங்கள். மைக்ரோடிக்கின் வான் முகவரி 192.168-இல் தொடங்கினால் ஓஎன்டி ரவுட்டர் மோடுக்குப் போய்விட்டது. எஸ்ஐபி தகவல்களை வரிசையாகக் காட்டுகிற எஸ்என்கிரெப் கருவியில் உள்ளே வருகிற ஒரு காலைத் திறந்து பாருங்கள். '200 ஓகே' (அந்த 'எடுத்தாயிற்று' தகவல்) ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முறை அடுக்கி, கடைசியில் துண்டிக்கிற 'பை' இருந்தால் நோய் இதுதான். டன்னல் வழியாகவே ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம், பெரும்பாலும் 192.168.1.1. ஏஎல்ஜி பக்கத்தில் எஸ்ஐபிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் முடிந்தது. சில பெட்டிகளில் பயனர் கணக்குக்கு அந்தப் பக்கமே தெரியாது. எடுத்த டிக்கை நிறுவனம் தூரத்திலிருந்து மறுபடி போட்டுவிடுவதும் உண்டு. ட்ரங்க் தருகிறவர் தகவலைப் பூட்டி அனுப்புகிற டிஎல்எஸ் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டிய கடிதத்தை ஏஎல்ஜியால் பிரிக்க முடியாது.

எதுவும் நடக்காவிட்டால் ட்ரங்க்கையே மும்பை டன்னல் வழியாகத் திருப்பலாம். மைக்ரோடிக்கில் ட்ரங்க் முகவரிக்கு ஒரு ரூட், ஃப்ரீபிபிஎக்ஸில் எக்ஸ்டர்னல் அட்ரஸ் மாற்றம், பிறகு அதன் அடியில் ஓடுகிற ஆஸ்டரிஸ்க் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட்டில் ஓடுகிற கால்கள் எல்லாம் அறுந்துவிடும் என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்யுங்கள். ட்ரங்க் உங்கள் ஸ்டேட்டிக் ஐபிக்கு மட்டும் கட்டியிருந்தால் இந்த வழி அடைபட்டது. மைக்ரோடிக்கிலும் இதே எஸ்ஐபி 'உதவி' (ஏஎல்ஜி) இயல்பாகவே இயங்கும். ஃபயர்வாலில் சர்வீஸ் போர்ட்ஸ் பக்கத்தில் அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு ஓஎன்டியைத் திட்டக்கூடாது.

தூரத்திலிருந்து ரவுட்டரில் கை வைக்கும்போது சேஃப் மோடில் நுழைந்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். இணைப்பு அறுந்தால் மாற்றம் தானாகப் பழையபடி ஆகும். இதை மறந்தால் கோவையிலிருந்து அவினாசி வழியாக நேரில் போக வேண்டியதுதான். ஸ்மார்ட் பிளக் வைத்து ரவுட்டரை அணைத்துப் போடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பிளக் அதே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால், அணைத்த பிறகு யார் போடுவது?

செம்பு இணைப்புக்கு வருவோம். அந்த 0421 எண் போர்டில், பில் புத்தகத்தில், அட்டைப்பெட்டியில் எல்லாம் அச்சாகிவிட்டது, விட மாட்டார்கள். எஃப்எக்ஸ்ஓ பெட்டி அமெரிக்க டோன் அமைப்போடு வரும். எதிர்முனை வைத்ததும் நம் எக்ஸ்சேஞ்ச் தருகிற பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி அமைதி. பெட்டி காத்திருப்பதோ 480-உம் 620-உம் கலந்த அரை நொடி டோனுக்கு. அதனால் கால் முடிந்தது அதற்குத் தெரியாது, லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கக் கூப்பிடுகிறவர்களுக்கு 'எங்கேஜ்டு'. டோனை இந்தியாவுக்கு மாற்றினால் தீரும். ஏப்ரல், மே கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் முதலில் சாவது இந்த எஃப்எக்ஸ்ஓ போர்ட்தான். கம்பி உள்ளே நுழையுமிடத்தில் சர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் இதைப் போடாதீர்கள்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். ஒரு ஐபி போன் மூன்று நான்கு வாட் தின்னும். 24 போன், சுவிட்ச், பெட்டி, ரவுட்டர், ஓஎன்டி எல்லாம் சேர்ந்தால் 150 வாட் வரை போகலாம். கணினிக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ்ஸின் 7 ஏஎச் பேட்டரி அரை மணி தாங்கினால் அதிகம். 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி இன்வர்ட்டரில் இந்த ரேக்குக்கு மட்டும் தனி வயர் இழுத்தால் பகல் ஓடிவிடும். ஓஎன்டியை மறந்துவிட்டு மற்றதை மட்டும் இன்வர்ட்டரில் மாட்டுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு, பாருங்கள்.

மொபைலுக்குத் திருப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே வந்த காலை மறுபடி வெளியே அனுப்பினால் இரண்டு சேனல் போகும். பத்து சேனலில் ஐந்து பேர் திருப்பி வைத்துப் பேசினால் ஆறாவது ஆளுக்கு பிஸி. அதோடு மொபைலில் தெரிவது வாடிக்கையாளர் எண் அல்ல, கம்பெனி எண். மெர்ச்சண்டைசர்களுக்கு ஆப் எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் இரண்டும் தீரும். ஆனால் ஆண்ட்ராய்டில் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடாவிட்டால் ஆப் தூங்கிப்போகும், போன் அடிக்கவே அடிக்காது.

திருடர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்ஐபி வாசலான 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தால், அதே நாளில் லாகில் 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பெயரில் ஒருவன் தட்டிக்கொண்டிருப்பான். பெயரில்தான் நட்பு. எக்ஸ்டென்ஷன் 100, பாஸ்வேர்டும் 100 என்று வைத்த பெட்டி கிடைத்தால் வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு விடிய விடியக் கால் போகும். அவனுக்குத் தோதான நேரம், திருப்பூரே ஊருக்குப் போய்விடுகிற தீபாவளி லீவு. ட்ரங்க் தருகிறவரிடம் ஐஎஸ்டியைப் பூட்டச் சொல்லுங்கள், வேண்டியவருக்கு மட்டும் பின் நம்பர் கொடுங்கள். ட்ரங்க் முகவரியைத் தவிர வேறு யாருக்கும் 5060 தெரியக் கூடாது. நிர்வாகப் பக்கம் டன்னலுக்குள் மட்டும். 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் பெரிய ஓட்டை வெளிவந்தபோது அடிபட்டவர்கள், அந்தப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்தவர்கள்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கட்டிங் மேஜை இடம் மாறினால் முன்பெல்லாம் ஆள் வந்து கம்பிகள் சேருகிற க்ரோன் பட்டையில் ஜோடி தேடிப் பஞ்ச் செய்ய வேண்டும். இப்போது போனைப் பிடுங்கி அடுத்த பாயின்டில் சொருகினால் அதே எண்ணோடு எழுந்திருக்கும். புதுப் போனாக இருந்தால் பின்பக்கத்து மேக் முகவரியை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அமைப்புக் கோப்பை எங்கே எடுப்பது என்று போனுக்குச் சொல்கிற டிஹெச்சிபி ஆப்ஷன் 66 மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பொங்கல், ஆயுத பூஜை, மின்தடை நாள் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரவேற்புக் குரல் கோவையிலிருந்தே மாறுகிறது. மாற்றிய பிறகு மேலே வருகிற சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் மாறாது. எல்லாவற்றிலும் பிடித்தது, எடுக்காத கால்களின் பட்டியல். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ரிசப்ஷனில் யாரும் இல்லை என்பதை எந்தப் பழைய பெட்டியும் சொன்னதில்லை. 2024-இல் அடியில் ஓடிய இயங்குதளமான சென்ட் ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்து டெபியன் 12-க்கு மாறியபோது ஒரு நாள் நேரில் போனது தவிர, மென்பொருளுக்காகப் பயணமே இல்லை.

ஆக பல்லடத்து நண்பருக்கு: உங்களிடம் எட்டு எக்ஸ்டென்ஷன்தான். பழைய அனலாக் பெட்டியையே ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு மேல் இருப்பவர்களும் ஓஎன்டிக்கு நீங்கள்தான் முதலாளி என்று இணைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்காமல் இதைத் தொடாதீர்கள். பெருந்துறையில் அடுத்த மாடி கட்டி முடித்ததும் அங்கேயும் இதே பெட்டிதான் போடப்போகிறோம், அது வேறு விஷயம்.

போன முறை இதே கோளாறு வந்தபோது, "பிரிட்ஜ் மோடுங்க, மாத்தாதீங்க, மாத்துனா ஆபீஸ் போன் கட்டாகும்" என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து ஓஎன்டி மேலேயே ஒட்டியிருந்தோம். இந்த முறை வந்தவர் அதைப் பார்த்தாரா தெரியாது. பழைய பெட்டியை ஸ்டிக்கரோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். புது ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறது.