அலுமினியப் போட்டுக்குள் 710 ப்ளை: நாலு மழைக்காலம் கழித்து

காட்டுக்குப்பம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, பதினாலு அடி அலுமினிய போட்டு வாங்கியாச்சு. உள்ளே தளம் போட 12 எம்.எம். மரைன் ப்ளை எடுக்கலாமா?" எடுக்காதீங்க தம்பி. மேலே படிக்க நேரமில்லை என்றால் இதோடு போதும்.

என் போட்டு நாலு மழைக்காலம் எண்ணூர் ஆற்று உப்புத் தண்ணியில் கிடந்தும் வெளித்தகட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டை விழுந்தது உள்ளேயிருந்து, தளத்துக்கு அடியில்.

கடைக்காரர் மரைன் ப்ளைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரையைக் காட்டி "தண்ணிக்கு அசையாது" என்பார். பொய்யில்லை. ஆனால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க அந்தப் ப்ளைக்கு ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் தாமிர உப்பு இருக்கும். ஊற ஊற அது கசிந்து தகட்டில் இறங்கும். உப்புத் தண்ணியில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி; கரைவது அலுமினியம்தான். பலகையைத் தூக்கினால் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் அடியில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புக் குழி; ஒன்றிரண்டு மறுபக்கம் எட்டியிருக்கும். நம்ம ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறு வேறு. அது சந்தில் புகுந்து உட்கார்ந்தால் வெயிலில்கூட ஈரம் காயாது. பித்தளைக் கீல், அறுந்த வயர்த் துண்டு, கால்சட்டையிலிருந்து விழுந்த அஞ்சு ரூபாய்க் காசு, எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

ப்ளைக்குப் பதில் 3 எம்.எம். அலுமினிய செக்கர் பிளேட், அதாவது கால் வழுக்காமல் மேடு வரி போட்ட தகடு. 8×4 தகடு சுமார் 24 கிலோ, 12 எம்.எம். ப்ளையும் ஏறத்தாழ அதே எடைதான், அதுவும் காய்ந்திருக்கும்போது. ஆகவே எடையைக் காரணம் காட்ட வேண்டாம். பிராட்வேயில் கேட்டால் பஸ் தளத்துக்குப் போடும் ரகத்தை எடுத்து நீட்டுவார்கள். உப்புத் தண்ணியைத் தாங்கும் 5052 ரக அலுமினியம் என்று கேட்டு வாங்குங்கள். முழுத் தகடாகப் போடாமல் மூன்று துண்டாக, கையால் தூக்கிக் கழுவும்படி வெட்டுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் இடைவெளி விட்டால்தான் தண்ணி, அதை வெளியேற்றத் திறக்கும் பின்பக்கத் தக்கைக்கு ஓடி வரும். தளத்தைத் தாங்கும் ஆங்கிளை (L வடிவச் சட்டம்), போட்டின் விலா எலும்பு மாதிரி இருக்கும் ரிப்பின் பக்கவாட்டில் மட்டும் 4.8 எம்.எம். மூடிய முனை ரிவெட்டால் அடிக்க வேண்டும். அடித்தகட்டில் ஒரு துளைகூடக் கூடாது. எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டே ஆகவேண்டிய இடத்தில் நைலான் வாஷர், பாலியூரிதேன் சீலன்ட். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் வேண்டாம், அந்த அமிலமும் தகட்டைத் தின்னும்.

அடுத்து, இடம் பத்தவில்லை என்று நடுக் குறுக்குப் பலகையை (உட்காரும் பெட்டி பெஞ்சை) அறுத்தெடுக்கும் புத்திசாலித்தனம். இரண்டு பக்கத் தகட்டையும் விரியாமல் பிடித்திருப்பது அதுதான். அதற்குள் இருக்கும் ஃபோம் கன அடிக்குச் சுமார் 27 கிலோ மிதக்க வைக்கும். போட்டு கவிழ்ந்தால் பிடித்துத் தொங்க அதுதான் மிச்சம். எடுத்த இடத்தில் தெர்மாகோல் அடைப்பவர்களுக்கு ஒரு சோதனை: ஒரு துண்டில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே கரையும். ஆர்கான் வெல்டிங்குக்குக் கொண்டுபோகும் முன் வெல்டு விழும் இடத்திலுள்ள ஃபோமையும், பெட்ரோல் டேங்கையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சூட்டில் ஃபோம் விடும் புகை விஷம்.

அணியத்தில் (போட்டின் முன்முனையில்) நின்று தூண்டில் போட மேடை வேண்டுமென்றால் விளிம்புக்கு ஒரு சாணாவது கீழே நிற்கட்டும். ஆள் நிற்கும் உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். இடுப்பளவு தண்ணியில் இரண்டு பேரை ஒரே பக்கம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ரிவெட் அடியுங்கள். மேடைக்கடியில் பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து குடியிருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில்தான் தேங்கும். ப்ளஸ் வயரில் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ். மைனஸுக்கும் தனி வயர். போட்டுத் தகட்டை மைனஸாக்கினால் அரிப்பை விலைக்கு வாங்கின மாதிரி.

எதிர்பாராமல் மனசுக்குப் பிடித்தது 6 எம்.எம். ஈவிஏ பாய், ரப்பர் செருப்பு மாதிரி மெத்தென்ற ஃபோம். சித்திரை வெயிலில் தகட்டில் கால் வைக்க முடியாது. பாய் போட்டபின் வெறுங்காலில் நிற்கலாம். ஈயக்குண்டு விழுந்தால் 'டங்' என்று ஆறே அதிரும் சத்தமும் போச்சு, கொடுவா மிரள்வதில்லை. கார்ப்பெட் ஒட்டாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஈவிஏவில் துடைத்தால் போயிருக்கும். கார்ப்பெட்டைப் பிய்த்துத்தான் எறிந்திருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் செய்தால் அலுமினியப் போட்டு நல்ல போட்டு. இரண்டு பேர் இழுத்துக் கரையேற்றலாம், சின்ன எஞ்சினே போதும், பெயின்ட் செலவு கிடையாது. ஆனாலும் இனி வாங்கப்போகிறவர் கேட்டால் ஃபைபரே வாங்குங்கள் என்பேன். அதில் அஞ்சு ரூபாய்க் காசு விழுந்தால் அஞ்சு ரூபாய்தான் நஷ்டம்.