மாடிப்படிக்கு எந்த கேட்: ஆன்லைனில் வாங்குவதா, கிரில் பட்டறையில் செய்வதா?

வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்து குழந்தையும் தவழ ஆரம்பித்துவிட்டால் கேட் போட்டே ஆக வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. எந்த கேட் என்பதில்தான் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. மதுரையில் தனி வீடு, கிரானைட் படி, ஸ்டீல் கைப்பிடி, மேலே படுக்கையறை, அதற்கும் மேலே துணி காயப்போடும் மொட்டைமாடி. கடைசியில் மாடிப்படிக்குப் பட்டறை கேட், சமையலறை வாசலுக்கு ஆன்லைன் கேட் என்று முடிவானது. இரண்டையும் தினமும் திறந்து மூடுவதால் சொல்கிறேன், என் ஓட்டு பட்டறைக்குத்தான்.

ஆன்லைனில் அதிகம் விற்பது சுவரில் துளை போடாமல், நாலு மூலையிலும் போல்ட்டை முடுக்கி இரண்டு சுவருக்கு நடுவே நெருக்கி நிறுத்தும் வகை. வாடகை வீட்டுக்கு இதுதான் வழி. பத்து நிமிடத்தில் மாட்டலாம், குழந்தை வளர்ந்ததும் கழற்றி விற்கலாம், வாங்க ஆள் உண்டு. ஆனால் படிக்கட்டின் மேல் முனையில் இதை வைக்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் மேல் முனையில் சுவரோடு திருகி மாட்டும் கேட்டைத்தான் போடச் சொல்கிறது. காரணம் லேசானது, நெருக்கத்தில் நிற்பது தள்ளத் தள்ளத் தளரும். போதாக்குறைக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி ஓடும். சமையலறை வாசலில் அது கால் விரலை இடிக்கும், அவ்வளவுதான், படியின் உச்சியில் என்றால் பெரியவர்களையே உருட்டிவிடும். எங்கள் கைப்பிடி உருண்டைக் குழாய் வேறு, அதில் போல்ட் முனையில் இருக்கும் ரப்பர் வில்லை உட்காரவே உட்காராது. சுவர்ப்பக்கமும் அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்திக்கொண்டிருப்பதால் மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் ஒரே அளவில் நிற்காது.

திருகி மாட்டும் ரெடிமேட் கேட்டும் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் எங்கள் படி கிட்டத்தட்ட நாலடி அகலம், பெரும்பாலான கேட்டுகள் இரண்டரையடி வாசலை மனதில் வைத்துச் செய்தவை. கூடுதல் துண்டுகளை வாங்கிக் கூட்டிக்கொண்டே போனால் விலை பட்டறைக் கணக்கைத் தாண்டிவிட்டது.

இதெல்லாம் சரி, என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. கேட்டை மூடப்போவது யார்? நானும் கணவரும் மூடிவிடுவோம். அத்தை நாளுக்கு மூன்று தடவை துணி வாளியோடு மாடிக்குப் போய் வருகிறார், அவருக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி. ஆன்லைன் கேட்டைத் திறக்கக் கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே கதவைத் தூக்க வேண்டும். குழந்தைக்கு முடியக் கூடாது என்று வைத்த பூட்டு அத்தைக்கும் முடியவில்லை. சமையலறையில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா, திறந்ததைத் திறந்தபடியே விட்டுவிடுவார், இல்லையென்றால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே தாண்டுவார். தானாக மூடிக்கொள்ளும் என்று போட்டிருந்தாலும், எங்கள் கேட்டை முழுக்கத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. வாளியோடு வருகிறவர் முழுக்கத்தானே திறப்பார்.

பட்டறையில் இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் கீலைத் துளி சாய்வாக வைத்து வெல்ட் பண்ணினார், கையை விட்டால் கேட் தன் எடையிலேயே வந்து சாத்திக்கொள்ளும். காம்பவுண்டு கேட்டில் இருக்குமே, தூக்கினால் எழும்பி, விட்டால் தானே விழும் பட்டைக் கொண்டி, அதையே படிப்பக்கமாக, மேல் விளிம்புக்கு அரையடி கீழே வைத்தார். கேட் உயரம் மூன்றடி. பெரியவர்கள் மேலே கைவிட்டு ஒரு விரலால் தூக்கலாம், ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கை வளையாது. கேட் நடைப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், படிப்பக்கமாகத் திறந்தால் திறக்கிறவரே கீழே போவார். அத்தை இப்போது முழங்கையாலேயே சமாளிக்கிறார்.

பட்டறைக்காரரிடம் விட்டுவிட்டு வந்துவிடவும் கூடாது. ஜன்னல் கிரில் பழக்கத்தில் கம்பிக்குக் கம்பி நாலைந்து அங்குலம் விடுவார்; இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் குறுக்குக் கம்பி கூடாது, அது ஏணி. ஸ்டீல் கைப்பிடியிலேயே பற்ற வைத்துவிடலாம் என்பார், கேட்காதீர்கள், கிளாம்ப் போடச் சொன்னால் பிறகு தடயமில்லாமல் கழற்றலாம். பெயிண்டுக்கு முன்னால் பழைய பனியன் துணியால் எல்லா வெல்டிங்கையும் தடவிப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னொரு தரம் கிரைண்டர் போக வேண்டும். பெயிண்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பல் முளைக்கிற குழந்தை கம்பியைக் கடிக்காமல் இருக்காது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-இலேயே விதி வந்துவிட்டது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்ட் அதில் வராது, பட்டறை மூலையில் கிடக்கும் டின் எந்த வகை என்று யார் கண்டது.

எங்களுக்கு எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. மறுவிற்பனை என்று பார்த்தால் சுத்த நஷ்டம், எங்கள் படிக்கென்று அளவெடுத்ததை யார் வாங்குவார், பழைய இரும்பு எடைக்குத்தான் போகும். பராமரிப்பு என்றால் எப்போதாவது கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். ஆன்லைன் கேட்டுக்கோ போல்ட்டை முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, வில்லை அழுத்திய இடத்தில் சுவரில் பூசிய பட்டியோடு சேர்ந்து பெயிண்டும் உரிந்துவிட்டது.

எந்த கேட்டானாலும் ஏறக்குறைய இரண்டு வயதுவரைதான் நம்பலாம், ஐரோப்பியத் தரமான ஈஎன் 1930-உம் 24 மாதம்வரையிலான குழந்தைகளுக்கே. ஏறத் தெரிந்துவிட்டால் கேட்டே ஆபத்து, கழற்றிவிட வேண்டியதுதான். இன்னொன்று, படி இருக்கிற வீட்டில் உட்கார்ந்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது, படியில் உருண்டு விழுவது அதற்கு முக்கியக் காரணம்.

சுருட்டி இழுக்கும் வலை கேட்டை நாத்தனார் வீட்டில் பார்த்ததோடு சரி. அடியில் கம்பி இல்லை, பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறையும் இழுத்துக் கொக்கியில் மாட்டியாக வேண்டும், தானாக மூடாது. வருஷக்கணக்கில் வலை தளராமல் இருக்குமா என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.