ஜப்பானிய மூளைக்காய்ச்சலா, டெங்குவா?
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை பிதற்றுகிறது, வலிப்பும் வருகிறது. இரண்டில் எது?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல், நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் வருவது. இந்தியாவில் 1955-ல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. வைரஸ் மூளையையே தாக்கும். முகம் உணர்ச்சியற்று உறையும், கைகால் விறைத்து நடுங்கும். முதுகில் ஊசியால் எடுக்கும் தண்டுவட நீரில் ஐஜிஎம் (இந்த வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்த்தால் உறுதியாகும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மூளை பாதித்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம். பாதிப்புள்ள மாவட்டங்களில் 9 மாதத் தடுப்பூசியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

டெங்குவில் பிதற்றலுக்கும் வலிப்புக்கும் காரணமான கோளாறு பெரும்பாலும் மூளைக்கு வெளியே: ரத்த அழுத்தச் சரிவு, கல்லீரல் செயலிழப்பு, சோடியம் குறைவு, ரத்தக்கசிவு. காய்ச்சல் இறங்கும் நாளில் பிள்ளை அசந்து தூங்கினால் 'தேறிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை, சோடியம் உடனே பார்க்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தால் முதுகில் தண்டுவட நீர் எடுப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது.