அட்சுமோரி டிவிடி: வெட்டினவன் முன்னாடியே வந்து நிக்கிற ஆவி

போர் முடிஞ்சப்புறம் வர்ற ஆவிகளப் பத்தின நாடகம்னா தேடித் தேடிப் பாக்குற ஆளு நான், அப்படி வாங்கினதுதான் ஜப்பானோட நோ (முகமூடி போட்டு பாட்டும் ஆட்டமுமா நடத்துற பழைய மேடைக் கலை) நாடகம் அட்சுமோரியோட இந்த மேடைப் பதிவு, எழுதினது ஸெஆமி, கிட்டத்தட்ட 600 வருஷம் ஆச்சு.

கதை இதான். 1184ல இச்சி-நோ-தானி சண்டைல எதிரிப் பக்கத்துப் பையன் அட்சுமோரிய வெட்டின குமாகாய் அப்புறம் மனசு தாங்காம துறவியா போயிடுறான், ரென்செய்னு பேர மாத்திக்கிட்டு அந்தப் பையனுக்காக வேண்டிக்க அதே எடத்துக்கு வர்றான். அங்க புல்லறுக்குறவங்க சில பேர் வர்றாங்க, புல்லாங்குழல் சத்தம் கேக்குது, மத்தவங்கள்லாம் போனப்புறமும் ஒருத்தன் மட்டும் போகாம நிக்கிறான். ஏன்பா நீ போகலன்னு கேட்டா, எனக்காக பத்து தடவ புத்தர் நாமம் சொல்லுங்கன்றான். எனக்கு அங்கயே தொண்ட அடைச்சிருச்சு.

அவன்தான் அட்சுமோரியோட ஆவி, பின்பாதில போர்க்கோலத்துல வர்றான். முகமூடிய நல்லா கவனிங்க, அந்த வகைக்குப் பேரே ஜூரோக்கு, அதாவது பதினாறு, அவன் செத்த வயசுன்னு சொல்லுவாங்க. மரத்துல செதுக்கின மூஞ்சிதான், ஆனா நடிகர் தலைய லேசா குனிஞ்சா நிழல் விழுந்து அழுற மாதிரி இருக்கு, கொஞ்சம் நிமிந்தா முகம் மலந்துடுது. கேமரா அந்த நேரத்துல அசையாம கிட்டக்க நிக்குது, அதுக்கே குடுத்த காசு தகும். கடைசில தான் செத்த விதத்த ஆடிக் காட்டிட்டு, எதிரி இதோன்னு கத்திய ஓங்குறான், ஓங்கின கை நின்னுடுது, தனக்காக வேண்டிக்கிட்டு இருக்குறவன எப்படி வெட்டுறது?

கிமு 472ல ஏதென்ஸ்ல ஏஸ்கிலஸ் போட்ட பெர்சியர்கள் நாடகத்துலயும் தோத்த நாட்டு ராஜா டேரியஸோட ஆவி சமாதிலேந்து எழுந்து வரும், கிரேக்கர்கள் பெர்சியாவ ஜெயிச்ச சலாமிஸ் கடல் சண்டை முடிஞ்சு எட்டே வருஷம், உக்காந்து பாத்தவங்க ஜெயிச்ச ஊர்க்காரங்க. அது ரொம்பப் பெரிய விஷயம்தான், ஆனா அந்த ஆவி வந்து பேசுறது தன் சனங்ககிட்ட, அட்சுமோரி நேரா வெட்டினவன்கிட்டயே வர்றான், என்னை இதுதான் ரெண்டு நாள் தூங்க விடல.

குறைன்னா சப்டைட்டில்தான். ஆங்கிலம் மட்டும்தான் இருக்கு, கோரஸ், அதாவது மேடை ஓரத்துல உக்காந்து பாடுற குழு, அட்சுமோரியோட பேச்ச "நான்"னே பாடுறப்போ யாரு பேசுறான்னு புரியல. மொத இருவது நிமிஷம் ரொம்ப மெதுவாப் போகும், கதைய முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க. ரெண்டாவது தடவ நான் சப்டைட்டில நிறுத்திட்டு மேளத்தையும் குழலையும் மட்டும் கேட்டுக்கிட்டே பாத்தேன், அப்பதான் அவன் நடந்து வர்றது முழுசா கண்ணுல பட்டுச்சு.