ஃபாரடே அலைகளைக் கணிக்கப் பேசிலிஸ்க்: ஒரு மதிப்புரை

செங்குத்தாக அதிரும் கலத்தில் திரவத்தின் மேற்பரப்பு ஒரு குறிப்பிட்ட முடுக்கம் வரை அசையாமல் தட்டையாகவே இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்ததும் அலைகள் எழுகின்றன. அவை கலத்தின் அதிர்வெண்ணில் பாதி அளவிலேயே அலைவதை மைக்கேல் ஃபாரடே 1831இல் பதிவு செய்தார். இந்த அலைகளைக் கணிக்கும் எந்த மென்பொருளையும் அந்த எல்லை முடுக்கத்தைக் கொண்டே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டெஃபான் பொப்பினே தொடங்கிய, திரவ ஓட்டங்களைக் கணினியில் கணிக்கும் பேசிலிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளையும் அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

சோதனைக்கான விடைகள் முன்பே நம்மிடம் உள்ளன. பாகுநிலை (திரவத்தின் உள் உராய்வு) இல்லாத திரவத்தில் ஒவ்வோர் அலைவடிவமும், விறைப்பு காலத்தோடு ஏறியிறங்கும் ஊசலை விவரிக்கும் மாத்யூ சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது என்று பெஞ்சமினும் அர்செலும் 1954இல் காட்டினர். பாகுநிலையையும் முழுமையாகச் சேர்த்து எல்லை முடுக்கத்தைக் கணக்கிடும் வழியைக் குமாரும் டக்கர்மனும் 1994இல் தந்தனர். ஆழமான நீரில் 1 செ.மீ. அலைநீளமுள்ள அலையின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 25 ஹெர்ட்ஸ் என்பதால், கலத்தை 50 ஹெர்ட்ஸ் அளவில் அதிரவைக்க வேண்டும். தூய நீரின் பாகுநிலையை மட்டும் கணக்கில் கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் வெறும் 8 விழுக்காடு அளவுள்ள அதிர்வே அலையை எழுப்பிவிடும். இவ்வளவு சிறிய எல்லையில், கணக்கீட்டு முறை தானாகச் சேர்க்கும் செயற்கைத் தணிப்பு சற்றுக் கூடினாலும், எழ வேண்டிய அலை எழாமலே போய்விடும்.

பேசிலிஸ்க்கின் உண்மையான வலிமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. திரவப் பரப்பின் வளைவை, கட்டங்களின் நிரல்களில் திரவம் நிற்கும் உயரத்திலிருந்து பெறும் உயரச் சார்பு முறையில் கணக்கிட்டு, பரப்பு இழுவிசையையும் அழுத்தச் சரிவையும் ஒரே விதமாகக் கட்டங்களில் பகுப்பதால், அசையாத துளியைச் சுற்றிப் பல மென்பொருள்களில் தோன்றும் போலி ஓட்டங்கள் இதில் ஏறத்தாழ முற்றிலும் அடங்கிவிடுகின்றன. கலத்தோடு சேர்ந்து நகரும் சட்டகத்தில் புவியீர்ப்பைக் காலத்தோடு மாறும் விசையாக எழுதிவிட்டால் போதும். கலத்தை நகர்த்த வேண்டியதில்லை. அந்த விசையைத் திரவப் பரப்பின் மீது மட்டும் செயல்படுவதாக மாற்றி எழுதும் வசதியும் இருப்பதால், தட்டையான பரப்பு தட்டையாகவே நிற்கிறது. பரப்பு இழுவிசையால் இயங்கும் நுண்புழை அலையைப் பிரோஸ்பெரெட்டியின் பகுப்பாய்வுத் தீர்வோடு ஒப்பிடும் சோதனை மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஃபாரடே அலைக்குள் இறங்குமுன் அதை அவசியம் ஓட்டிப் பாருங்கள்.

இந்தத் துல்லியத்துக்கான விலை கணினி நேரம். பரப்பு இழுவிசை வெளிப்படை முறையில், அதாவது முந்தைய நிலையைக் கொண்டே, கணக்கிடப்படுவதால், கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் காலப்படி (ஒவ்வொரு கணக்கீட்டு அடியின் கால அளவு) ஏறத்தாழ 2.8 மடங்கு சுருங்குகிறது. முப்பரிமாணச் சீர்வலையில் கட்டங்களும் 8 மடங்காகப் பெருகும்போது மொத்த வேலை 22 மடங்கைத் தாண்டுகிறது. எல்லை முடுக்கத்துக்கு அருகே அலை மிக மெதுவாக வளர்வதால் பல அதிர்வுகள் வரை ஓடவிட வேண்டியும் இருக்கிறது. பரப்புக்கு அருகே மட்டும் வலையை நெருக்கமாக்கும் தகவமைப்பு வசதி இந்தச் சுமையைப் பெரிதும் குறைக்கிறது, ஆனால் நீக்கிவிடுவதில்லை.

கணிப்பை அமைக்க வரைகலை இடைமுகம் கிடையாது. சி மொழி தெரியாதவருக்கு இது ஏற்றதன்று.

என்னை அதிகம் தயங்க வைப்பது கணிப்புவெளியின், அதாவது கணக்கீடு நடக்கும் பெட்டியின், வடிவம். தகவமைப்பு வலை அடிப்படையில் சதுரம் அல்லது கனசதுரமாகவே அமைகிறது. அலைகள் பரப்பில் வரையும் சதுரக் கோலங்களுக்கு அது இயல்பாகப் பொருந்தினாலும், அறுகோணக் கோலம் சிதையாமல் அமைய 1க்கு √3 என்ற பக்க விகிதமுள்ள செவ்வகம் தேவை. பெரினே, யூரிச், டக்கர்மன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட முப்பரிமாணக் கணிப்பில் இரு கோலங்களையும் பெற்றபோது பெட்டியின் அளவுகளைக் கோலத்துக்கேற்பத் தேர்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும்.

சுவர் ஓரத்தில் திரவ விளிம்பு நகர்வது இன்னும் கடினமான சிக்கல். சுவரில் திரவம் வழுக்காது என்று கொண்டால் விளிம்பின் வேகம் கட்டத்தின் அளவையே சார்ந்துவிடுகிறது. இத்தகைய எல்லா முறைகளுக்கும் இது பொதுவான குறையாதலால் பேசிலிஸ்க்கை மட்டும் பழிக்க முடியாது. ஆயினும் குறுகிய கலத்தில் நடந்த பரிசோதனையோடு இதன் முடிவுகளை ஒப்பிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலைநீளத்தைவிடப் பலமடங்கு அகன்ற கலத்தில், சுவரின் தாக்கம் நடுப்பகுதியை எட்டாத அளவுக்குப் பாகுநிலை மிகுந்த திரவத்தைக் கொண்டு நடந்த பரிசோதனையைத் தேர்ந்து, பக்கங்களில் மீள்வரு எல்லைகளை (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் நுழையும் ஏற்பாடு) அமைத்துக்கொண்டால் ஒப்பீட்டை நம்பலாம்.