விரியும் தலை கொண்ட கேம் பேரிங் கருவி: கழற்றுவதற்கு அருமை, இறக்குவதற்குப் பொறுமை

செவ்ரோலெ ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின் ஒன்றைக் கூடுதல் திறனுக்காகக் கட்டியபோது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையங்களை, அதாவது கேம் பேரிங்குகள் ஐந்தையும் இந்தக் கருவியால்தான் மாற்றினேன். நீண்ட தண்டு ஒன்று, அதை நேராகப் பிடிக்கும் கூம்பு ஒன்று, நட்டைத் திருகினால் விரிந்து பேரிங்கின் உட்புறத்தைப் பற்றும் தலைகள் சில. பெட்டிக்குள் இருப்பவை இவ்வளவே.

கழற்றுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிய பேரிங்கைத் துளைக்குள் இறக்கும்போதுதான் கருவியின் குணம் தெரிகிறது. பேரிங்கின் வெளிவிட்டம் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பு உடலின்) துளையைவிட ஏறத்தாழ 0.05 முதல் 0.10 மி.மீ. பெரிதாக இருப்பதாலேயே அது இறுகி நிற்கிறது. தாங்கிப் பிடிக்க போல்ட் எதுவும் கிடையாது. ஆகவே முதல் இரண்டு சுத்தியல் அடிகளில் தண்டு சற்றே சாய்ந்தாலும் பேரிங் கோணலாக ஏறி, உலோகம் சீவப்பட்டு, அந்த இறுக்கமே போய்விடும். கூம்பை எதிர்முனைத் துளையில் ஒரு கையால் அழுத்திக்கொண்டே அடித்தபோது தண்டு நேராகவே சென்றது. கூம்பு நன்றாகக் கடையப்பட்டிருக்கிறது. விலையில் பாதி அதற்கே தகும்.

மூன்றாவது பேரிங்கில் தவறினேன். நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால், விரிந்த தலையின் விளிம்புகள் பேரிங்கின் உட்புறத்து பாபிட் என்னும் மென் உலோகப் பூச்சில் மெல்லிய கோடுகளைப் பதித்துவிட்டன. கேம்ஷாஃப்ட்டைச் செருகியபோது விரலால் சுழற்ற முடியவில்லை. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பேரிங் கையால் திரும்பாத அளவுக்குப் பற்றினால் போதும் என்பதை ஒரு பேரிங்கைப் பலிகொடுத்தே கற்றேன்.

எண்ணெய்த் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கருவி காட்டாது. தலையின் தோளில் மார்க்கரால் கோடிட்டுக்கொண்டு, இறக்கிய பின் கம்பி நுழைத்துச் சரிபார்த்தேன். இந்த பிளாக்கில் பேரிங்குக்குப் பின்னால் எண்ணெய் சுற்றிவர வளையப் பள்ளம் இருப்பதால் துளையை நேர் கீழே வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. வால்வு ஸ்பிரிங்குகள் கேமைக் கீழ்நோக்கி அழுத்தும் அந்த இடத்தில் எண்ணெய் உள்ளே வரத் திணறும். பள்ளம் இல்லாத பிளாக்குகளில் இந்தச் சலுகை கிடையாது. துளைக்கு நேராகத் துளை அமைந்தே தீர வேண்டும்.

கடினமான ஸ்பிரிங்குகள் போடுவோர், பேரிங் சுழன்றுவிடும் என்று அஞ்சி, பஞ்ச் எனும் குத்துளியால் விளிம்பைக் குத்தி நிறுத்துவதுண்டு. அது உள்விட்டத்தைக் கெடுக்கும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. பிடிப்புப் பசையை மென்படலமாகத் தடவலாம். வழிந்தால் எண்ணெய்த் துளையை அடைக்கும். பிளாக்கின் துளையை அளந்து, அது தேய்ந்திருந்தால் வெளிவிட்டம் கூடிய பேரிங்கைத் தேடுவதே நேர்வழி. சில எஞ்சின்களுக்கு அது கிடைக்கிறது.

எப்போதாவது ஓர் எஞ்சின் கட்டுபவருக்கு இந்தக் கருவி போதும். ஒரே வகை பிளாக்கை வாராவாரம் கட்டுபவர், விரியாத, அளவுக்கென்றே கடைந்த மேண்ட்ரல் (பேரிங்கைத் தாங்கும் திடத் தலை) செட்டை வாங்குவது நல்லது. இதை வாங்குபவர் கூடவே ஒரு பேரிங் செட்டை உபரியாக வைத்துக்கொள்ளட்டும்.